மொட்டைமாடிக்கு அப்ரூவல் வந்த வருஷம்

என் அக்காள் வீட்டுக்காரர் குமாரசாமி, கூரை ஒழுகினால் பதறுகிற மனிதர் அல்ல. ஒழுகுவதற்குத் தேதி போட்டிருக்கிறோமா என்று முதலில் பார்ப்பார். போடாத தேதியில் ஒழுகினால் அது கூரையின் ஒழுக்கக்கேடு, அவருடைய பொறுப்பில்லை.

மச்சான் சாமளாபுரத்தில் தறி ஓட்டிய குடும்பத்தில் பிறந்தவர். பத்தாவது முடித்த கையோடு திருப்பூருக்கு வந்து ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றார். பனியனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. அங்கிருந்து மெல்ல மெல்ல மெர்ச்சண்டைசர் ஆனார். துணி வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் இங்கே தைக்கிறவர்களுக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் திட்டு வாங்கி, இரண்டு பக்கமும் 'நோட்டட்' என்று பதில் போடுகிற உத்தியோகம் அது. அவருடைய இங்கிலீஷ் முழுக்க பையர்களின் ஈமெயிலிலிருந்து கற்றது. அதனால் யாரையும் நலமா என்று அவருக்குக் கேட்கத் தெரியாது, 'ப்ளீஸ் அட்வைஸ்' என்று கேட்கத் தெரியும்.

திருப்பூரில் சீசன் என்பது வானத்தில் இல்லை, ஆர்டரில் இருக்கிறது. வெயில் மண்டையைப் பிளக்கிற சித்திரையில் ஐரோப்பாவுக்குக் குல்லா வைத்த சட்டை தைப்பார்கள். மார்கழிப் பனியில் கையில்லாத பனியன். வேலைக்காலம் முழுக்க இப்படி ஒரு பருவம் முன்னாலேயே வாழ்ந்துவிட்டவருக்கு, ஜன்னலுக்கு வெளியே பெய்வது மழைதான் என்று சொன்னால் 'அப்படியா, சீக்கிரமா வந்திருச்சே' என்பார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கம்பெனி அவருக்கு மாலை போட்டு, ஒரு குத்துவிளக்கையும் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. முதல் வாரம் அக்காள் சுப்பாத்தாளுக்கு ஏக சந்தோஷம். அடுத்த வாரமே என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பி, உன்ற மச்சானுக்கு அங்க ஏதாச்சும் வேலை கெடைக்குமா கண்ணு? சம்பளங்கூட வேண்டாம். வெடிஞ்சா போய் பொழுதெறங்க வந்தாப் போதும்."

நான் இருப்பது ஐரோப்பாவில், ரோட்டர்டாமில். கவலைப்படுவது என் தொழில் இல்லை, ஆனால் தொழிலைவிட நன்றாக வரும். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது சாப்பாட்டு இலை முன்னால் உட்கார்ந்து சும்மா இருக்க முடியாமல் ஒன்று சொன்னேன். எங்கள் அடுக்குமாடியில் எந்த மாதம் எந்தப் பராமரிப்பு என்று வருஷ ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிடுவார்கள், இலை உதிர்ந்ததும் கூரைக் குழாயைச் சுத்தம் செய்வார்கள், குளிருக்கு முன்னால் ஹீட்டரைப் பார்த்துவிடுவார்கள் என்று. மச்சான் ரசத்தில் வைத்த கையை அப்படியே நிறுத்தினார்.

"டைம் அண்ட் ஆக்‌ஷன் இருக்குதா மாப்ள? ஊட்டுக்கா?"

அவ்வளவுதான். ஆர்டரில் எந்த வேலை எந்தத் தேதிக்கு என்று போடுகிற அட்டவணைக்கு அவர்கள் தொழிலில் அதுதான் பெயர். நான் விமானம் ஏறுவதற்குள் அவர்கள் வீட்டு ஆசாரத்தில், அதாவது கூடத்தில், விநாயகர் காலண்டர் இருந்த ஆணியில் ஒரு பெரிய சார்ட் தொங்கியது. விநாயகர் சமையலறைக்குப் போனார். மாசியில் தண்ணீர்த் தொட்டி, பங்குனியில் மொட்டைமாடி, சித்திரையில் ஃபேன், வைகாசியில் குழாய், ஆனியில் ஜன்னல் கதவு என்று ஒவ்வொன்றுக்கும் ஆரம்பத் தேதி, முடியும் தேதி, பச்சை, மஞ்சள், சிவப்பு. ஆடிக்கு 'ஹாலிடே'. ஐப்பசியில் 'மழை' என்று மட்டும் எழுதியிருந்தது. அதுவும் தேதிக்கு வந்து இறங்க வேண்டிய சரக்குப் போல.

சார்ட் மாட்டிய மறுமாதம், மாசியிலேயே சமையலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்தது.

"ஏனுங்க, கொழாய் ஒழுவுதுங்க."

"அது வைகாசி ஐட்டம் புள்ள. இப்பக் கையி வெச்சா மத்ததெல்லாம் தள்ளிப் போயிரும்."

"கொழாய்க்கு அது தெரியாதுங்களே."

வைகாசி வரைக்கும் அந்தக் குழாய் பனியன் வேஸ்ட் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, காது வலிக்குத் துண்டு கட்டிய பெரியவர் மாதிரி நின்றது. வைகாசி பிறந்த அன்று காலை மச்சான் பிளம்பரோடு வந்து நின்றார். இதைவிட ஒழுங்கான மனிதர் திருப்பூரில் கிடையாது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதியாகவே இருந்திருக்கும். ஆனால் பங்குனியில் பிரியங்கா முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்தது. பிரியங்கா அக்காளின் ஒரே மகள், காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் செக்கு வைத்திருக்கிற குடும்பத்தில் கட்டிக்கொடுத்தது. தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். ஆவணியில் கட்டுச்சோத்து விருந்து வைத்து மகளைக் கூட்டி வருவது, ஐப்பசியில் குழந்தை. எங்கள் பக்கத்தில் இதற்கு யாரும் சார்ட் போடுவதில்லை, அதுவாக நடக்கும்.

சிக்கல் அந்த வடக்கு அறை. பிரியங்கா கல்யாணத்துக்கு முன்னால் இருந்த அறை. அதன் மேல் கூரையில் எங்கேயோ வெடிப்பு. ஐப்பசி மழைக்குக் கட்டில் இருக்கிற இடமாகப் பார்த்துச் சொட்டும். இது காங்கேயத்துக்கும் தெரிந்திருந்தது. பிரியங்காவின் மாமியார் மருதாள் அம்மா, சந்தோஷச் சேதி சொன்ன அதே போனில் இதையும் சொன்னார்.

"பச்சக் கொழந்தைக்கு ஈரம் ஆகாதுங்க சம்பந்தி. ரூம்பு காய்ஞ்சு கெடந்தாச் சந்தோசமாக் கூட்டீட்டுப் போங்க. இல்லீன்னா எங்கூட்லயே இருக்கட்டுமுங்க. நானும் ஒண்ணு பெத்தவதானுங்க, பார்த்துக்க மாட்டனுங்களா?"

கொங்கு மரியாதையில் இது ஒரு வசதி. கத்தியைக்கூட 'ங்க' போட்டுச் சொருகலாம்.

அக்காள் எனக்குப் போன் போட்டாள். அழவில்லை, அழுகிற ஆள் இல்லை. "அவ ஊசிக்கே பயந்துக்குவா தம்பி. அந்த நேரத்துல நான் பக்கத்துல இருக்கோணும். சம்பந்தி நல்லவியதான், ஆனா அங்க போய் நான் எத்தன நாளைக்கு விருந்தாளியா உக்கோந்திருக்கறது? அந்த ரூம்பு நனையாம இருந்தாப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம்."

நல்லவேளை, மொட்டைமாடி பங்குனி ஐட்டம்தான். தேதி தவறவில்லை. மச்சான் உடனே வேலையைத் தொடங்கினார். அதாவது, லேப் டிப் அனுப்பினார்.

துணிக்குச் சாயம் போடுவதற்கு முன்னால், சின்னத் துண்டில் நிறத்தைப் போட்டு பையருக்கு அனுப்பிச் சம்மதம் வாங்குவார்கள். அதுதான் லேப் டிப். மச்சான் மொட்டைமாடியில் அடிக்கப்போகிற வெள்ளைப் பூச்சை நாலு ஓட்டுத் துண்டில் அடித்து, ஏ, பி, சி, டி என்று எழுதி, காலை வெயிலில் ஒன்று, ட்யூப் லைட்டில் ஒன்று என்று படம் பிடித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். எனக்கு ஏன்? இந்த வீட்டில் எனக்கு ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை. ஆனால் அவருடைய வாழ்க்கையில் அப்ரூவல் எப்போதும் அந்தத் திசையிலிருந்துதான் வந்திருக்கிறது.

"மச்சான், நாலும் வெள்ளையாத்தானே இருக்கு?" என்று எழுதினேன்.

"கமெண்ட்ஸ் க்ளியரா இல்ல மாப்ள. மறுபடி அனுப்பறேன்."

மறுபடி நாலு வெள்ளை வந்தது. எனக்குப் பயம். எதையாவது சொல்லி அது தப்பாகப் போனால்? வெள்ளை அதிகமானால் கண் கூசுமோ, குறைந்தால் சூடு ஏறுமோ என்று நானும் இரண்டு நாள் படித்துவிட்டு, 'பி நன்றாக இருக்கிறது, ஆனால் சி-யும் மோசமில்லை' என்று போட்டேன். இதுதான் பையர்கள் அவருக்கு ஆயுள் முழுக்கப் போட்ட பதில். மனிதருக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. மூன்றாவது முறை எட்டு வெள்ளை அனுப்பினார்.

அக்காள் மாடியில் வடகம் காயப்போட வந்தவள் கேட்டாளாம், "ஏனுங்க, மேல வந்து காக்காதானுங்க பார்க்கும்? அதுக்கு எந்த வெள்ளையா இருந்தா என்னங்க?"

"ஷேடு வேரியேசன் வந்தா யாரு பதில் சொல்றது?"

"காக்காகிட்ட நான் சொல்லிக்கறனுங்க."

ஒருவழியாக பி அப்ரூவ் ஆனபோது கொத்தனார் மொக்கைச்சாமி ஊரில் இல்லை. மொக்கைச்சாமி விருதுநகர்ப் பக்கத்துக்காரர், பொண்டாட்டி பனியன் கம்பெனியில் டெய்லர், முதலிபாளையத்தில் குடியிருக்கிறார். எதைக் கேட்டாலும் "செஞ்சிருவோம்ணே" என்பார். அது சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம். பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்குப் போனவர், கிடா வெட்டி, மறுநாள் மறுகறி விருந்தும் வைத்து, மைத்துனன் வீட்டு விசேஷத்தையும் முடித்துக்கொண்டு சித்திரை பாதியில் வந்தார்.

சித்திரையில் மாடி வேலை செய்ய ஆள் இருந்தது, தண்ணீர் இல்லை. பூச்சு போட்டால் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மாநகராட்சித் தண்ணீர் வருகிற நாளை ஊரே விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தது. போர்வெல் தண்ணீர் உப்பு, உப்புத் தண்ணீருக்கு மச்சான் 'டெஸ்ட் ரிப்போர்ட்' கேட்டார். வைகாசியில் தண்ணீர் வந்தது, வைகாசி குழாய்க்கு ஒதுக்கிய மாதம். ஆனியில் ஒரு மூலையில் மட்டும் சாம்பிள் பூசி, அது வெயிலில் எப்படி இருக்கிறது என்று பார்த்தார்கள். நன்றாக இருந்தது. அதனால் இன்னொரு சாம்பிள் பூசினார்கள். ஆடியில் யாரும் எதையும் தொடங்க மாட்டார்கள். தொடங்கினாலும் காற்று சாந்துச் சட்டியைப் பல்லடத்தில் கொண்டுபோய் வைத்துவிடும்.

ஆவணியில் காங்கேயத்தில் கட்டுச்சோத்து விருந்து. ஏழு வகைச் சோறு, ஊர் முழுக்கச் சனம். மருதாள் அம்மா எல்லோர் முன்னாலும் மச்சானைக் கேட்டார், "மழைக்கு முந்தி முடிச்சுப்போடுவீங்கல்லங்க அண்ணா?"

"கன்ஃபர்ம்டுங்க" என்றார் மச்சான்.

வீட்டுக்கு வரும் வழியில் காரில் அக்காளிடம் மட்டும், ஒரு பத்து நாள் முன்னப் பின்ன ஆகலாம், எக்ஸ்டென்ஷன் கேட்டுக்கொள்ளலாம் என்றாராம்.

"யாருகிட்டீங்க கேப்பீங்க? அவ வயித்துக்குள்ள இருக்கறதுகிட்டயா?" என்றாள் அக்காள். பின்சீட்டில் பிரியங்கா சிரித்தாளாம்.

புரட்டாசிக் கடைசியில், மொக்கைச்சாமி நாலு ஆட்களோடு வந்து, இத்தனை மாதம் சம்மதம் வாங்கிய வேலையை ஐந்து நாளில் முடித்தார். தீபாவளிக்கு ஊருக்கு பஸ் புக் செய்தாகிவிட்டது, அந்த வேகம். மொட்டைமாடி பி-வெள்ளையில் பளபளத்தது. இங்கே என் போனில் பார்க்கும்போதே கண் கூசியது. அப்பாடா என்று நினைத்தேன்.

ஆனால் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் இல்லாமல் மச்சான் எதையும் அனுப்பியதில்லை.

திருப்பூரில் லட்சம் பனியன் தைத்தால் லட்சத்தையும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். பெட்டிகளிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்துப் பார்ப்பார்கள். அதில் இத்தனை குறை வரைக்கும் இருக்கலாம் என்று ஒரு கணக்கு. கணக்குக்குள் இருந்தால் மொத்தச் சரக்கும் பாஸ். இந்த முறைக்கு உலகம் பூராவும் மதிப்பு உண்டு. உலகத்தில் வேறு யாரும் இதைக் கூரைக்குச் செய்து பார்த்ததில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மச்சான் மாடி முழுக்கச் சாக்பீஸால் கட்டம் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிடி தட்டப்பயறை வீசினார். பயறு விழுந்த கட்டங்களில் மட்டும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, குனிந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். வடக்கு அறைக்கு மேலே ஒரு கட்டத்தில் தலைமுடி மாதிரி ஒரு கீறல். தண்ணீர் அதில் இறங்கியது. இன்னொன்றில் பூச்சு கொப்பளித்திருந்தது.

"மேஜர் ஒண்ணு, மைனர் ஒண்ணு. அலவன்ஸுக்குள்ள இருக்குது. பாஸ்" என்றார்.

நான் வீடியோவில் இருந்தேன். "மச்சான், அந்தக் கீறல் வழியாத் தண்ணி உள்ள போச்சே? நானே பார்த்தேனே? அதை மட்டும் பூசிரலாமே?"

"அதை மட்டும் பூசுனா அப்பறம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு என்ன மரியாதை மாப்ள? உலகத்துல நூத்துக்கு நூறுன்னு எதுவும் இல்ல. நீங்கெல்லாம் அங்க போட்டுட்டுத் திரியற பனியன்ல கூட இருக்குது."

தையல் விட்ட பனியனைப் போட்டவன் ஒருவன்தான் திட்டுவான், மற்றவர்கள் நிம்மதியாகப் போட்டுக்கொள்வார்கள், கூரையில் அப்படிப் பங்கு பிரிக்க முடியாதே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மொக்கைச்சாமி தோளில் பையோடு குறுக்கே வந்தார். "அண்ணே சொன்னாச் சரியாத்தேன் இருக்கும். அப்ப நான் கெளம்பட்டுமாண்ணே? பஸ்ஸு நிக்காது."

நான் செய்ததெல்லாம், அன்றிலிருந்து தினமும் வங்கக்கடலில் என்ன உருவாகிறது என்று ரோட்டர்டாமிலிருந்து அக்காளுக்குப் படம் அனுப்பியதுதான். அவள் ஒரு நாள், "தம்பி, நீ அனுப்பறதப் பார்த்தா மழை வரதுக்கு முந்தியே எனக்கு நனைஞ்சு போகுது" என்று சொன்ன பிறகு நிறுத்திவிட்டேன்.

தீபாவளி கழிந்து, மருதாள் அம்மா பலகாரக் கூடையோடு காரில் வந்து இறங்கினார். பிரியங்காவுக்கு நாள் நெருங்கியிருந்தது. காப்பியைக் கையில் வாங்கும்போதே வானம் மூடியது. அரை டம்ளர் குடிப்பதற்குள் ஊற்றியது. மாதம் பிசகாமல், சார்ட்டில் எழுதியபடியே.

அக்காள் அப்போது என்னோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டே வடக்கு அறைக்குள் போனவள், போனைக் கட்டில் மேல் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தது உத்தரம், ஃபேன், குரல்கள். ஃபேனுக்கு இந்தப் பக்கம் கூரையில் ஒரு ஈர வட்டம் உண்டாகி, பெரிதாகி, நடுவில் ஒரு துளி திரண்டு தொங்கியது. பிறகு அது போன் மேல் விழுந்து என் திரை கலங்கிவிட்டது.

மருதாள் அம்மாவின் குரல், கோபமே இல்லாமல்: "நான் சொன்னனுங்களே சம்பந்தி. பரவால்லீங்க. கெளம்பு அம்மிணி, கார் இருக்குது. ரண்டு சேலைய எடுத்துக்க, போதும்."

"ரண்டு நாளு டைம் குடுத்தீங்கன்னா…" இது மச்சான்.

பிரியங்கா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"செத்த இருங்க சம்பந்தி" என்றாள் அக்காள். "ஏனுங்க, சாவியக் குடுங்க."

"எந்தச் சாவி?"

"அந்த ரூம்புச் சாவி."

அந்த வீட்டில் இன்னொரு அறை உண்டு. இதுவரை நான் சொல்லாததற்குக் காரணம், அந்த வீட்டில் யாரும் அதை அறையாகவே எண்ணியதில்லை. கூடத்துக்குத் தெற்கே, உத்தரம் வரைக்கும் அட்டைப்பெட்டி. மச்சான் தம் காலத்தில் கையாண்ட ஆர்டர்களின் சாம்பிள்கள், பையர் முத்திரை குத்தியவை, கம்பெனியே வேண்டாம் என்று தூக்கிப்போட்டவை. துணியில் பூஞ்சை பிடித்துவிடும் என்று அதற்கு மேலே உள்ள கூரையை மட்டும் ஓய்வு பெற்ற மறுநாளே, ஷேடு கேட்காமல், சாம்பிள் பார்க்காமல், கட்டம் போடாமல் இரண்டு கோட் பூசியிருந்தார். பெற்ற மகளுக்குத்தான் முறைப்படி செய்ய வேண்டும் என்று நினைத்தார் போலிருக்கிறது.

"அது பையர் சீல் பண்ணுன சாம்பிள் புள்ள. நாளைக்கு யாராச்சும் கேட்டா…"

"கேட்டா நான் எடுத்துக் குடுக்கறனுங்க. அந்த பையரா வந்து புள்ள பெக்கப் போறான்? குடுங்க."

சாவி கைமாறியது போலிருக்கிறது. பூட்டுத் திறக்கிற சத்தம். பிறகு மருதாள் அம்மா, சுவரைத் தட்டிப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்:

"இது சுண்ணாம்புகூட உதிரலீங்களே. சோளம் கொட்டி வெக்கலாமாட்ட இருக்குது."

"காய்ஞ்ச ரூம்புதானுங்க கேட்டீங்க?" என்றாள் அக்காள். "இது காய்ஞ்ச ரூம்புங்க."

மழைச் சத்தத்துக்கு நடுவில் ஒரு பெட்டியை இழுத்து நகர்த்துகிற ஓசை கேட்டது.

"ஆமாங்க" என்றார் மருதாள் அம்மா கடைசியில். "கேட்டனுங்க." பிறகு சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டார் போலிருக்கிறது. "எந்தப் பொட்டிய மொதல்ல எடுக்கறதுங்க? எங்க செக்குல மூட்டை தூக்குன கையிதானுங்க, கனமானதா எனக்குக் குடுங்க."

இரண்டு சம்பந்திகளும் பெட்டி சுமந்தார்கள். தெற்கு அறையிலிருந்து எடுத்து, காலியாக இருந்த ஒரே இடமான வடக்கு அறையில் கொண்டுவந்து அடுக்கினார்கள். என் கலங்கிய திரைக்குள் அவ்வப்போது ஒரு அட்டைப்பெட்டி மிதந்து போகும். பின்னாலேயே மச்சானின் குரல் வரும். "அது ஸ்வீடன், ஸ்வீடன்! அதைச் சொட்டற பக்கம் வெக்காதீங்க! ஏனுங்க சம்பந்தி, அது கொழந்தைத் துணிங்க, நனைஞ்சா…"

"கொழந்தைத் துணியா?" மருதாள் அம்மா பெட்டியைக் கீழே வைத்த சத்தம். "பிரிங்க பார்க்கலாம்."

"சீல் பண்ணுனதுங்க."

டேப்பைக் கிழிக்கிற சத்தம் ரோட்டர்டாம் வரைக்கும் கேட்டது.

பெட்டிகள் போன இடத்தில் அக்காள் பெருக்கித் துடைத்து, பழைய இரும்புக் கட்டிலைப் போட்டாள். அப்போதுதான் யாரோ என்னை நினைவுக்குக் கொண்டுவந்து, போனைத் துடைத்து எடுத்தார்கள். பிரியங்கா. புது அறையில் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், கண் சிவந்திருந்தது.

"மாமா, இருக்கறீங்களா இன்னும்?"

"இருக்கேன் கண்ணு."

வாசலில் மருதாள் அம்மா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "என்ன அம்மிணி, வர்றியா, இங்கயே இருக்கறயா?"

"இங்கயே இருக்கறனுங்கத்தை."

"இரு. கொழந்தை பொறந்ததும் வர்றேன்." கூடையைக் காலி செய்து எடுத்துக்கொண்டார். படியிறங்கும்போது மச்சானிடம் மட்டும், "உங்க கன்ஃபர்ம்டு ரொம்ப நல்லா இருக்குதுங்கண்ணா" என்றார். 'ங்க' போட்டுத்தான்.

கார் போன பிறகு அக்காள் தன் போனை மகளிடமிருந்து வாங்கினாள். என்னோடு பேசத்தான் என்று நினைத்தேன். "தம்பி, நீ வெய்யி, நான் மொக்கைச்சாமியக் கூப்படோணும்" என்றாள்.

பின்னாலிருந்து மச்சான் கேட்டார், "எந்தத் தேதிக்கு வரச் சொல்ற? சார்ட்ல இப்ப எடமில்லயே புள்ள."

"மழை விட்ட அன்னிக்குங்க."

"ஷேடு…"

"ஏனுங்க," என்றாள் அக்காள், "அந்த ரூம்புல பக்கெட்டு நெறைஞ்சிருக்கும். ஊத்திப்போட்டு வாங்க."

மச்சான் போனார்.